பழைய பத்திரத்தின் தேதியையும் அளவையும் இன்றைய கணக்குக்குக் கொண்டுவருவது எப்படி

தாத்தா காலத்துப் பத்திரம் கையில் கிடைத்தால் எல்லோரும் முதலில் தேடுவது "எத்தனை ஏக்கர்" என்பதைத்தான். நூறு வருஷத்துக்கு முந்திய பத்திரத்தில் பெரும்பாலும் ஏக்கர் இருக்காது. குழி இருக்கும், மா இருக்கும், கோட்டை விதைப்பாடு இருக்கும். உடனே கைப்பேசியில் "ஒரு குழி எத்தனை சதுர அடி" என்று தேடுவார்கள். ஏதோ ஒரு விடை வரும், அதை வைத்துப் பெருக்கிவிடுவார்கள். அங்கேதான் வம்பு தொடங்குகிறது.

நான் நில அளவையில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவன். பணியின் முதல் பாதி செங்கல்பட்டுப் பக்கம், மறு பாதி மன்னார்குடி, திருத்துறைப்பூண்டிப் பக்கம். இந்த இரண்டு சீமையிலும் குழி என்ற பெயர் ஒன்று, அளவு வேறு. இப்போதும் உறவுக்காரப் பிள்ளைகள் பத்திரத்தைப் படம் எடுத்து அனுப்பி, "மாமா, இது எந்த வருஷம்? எவ்வளவு நிலம்?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். காலமும் ஊரும் உறுதியான பிறகுதான் அளவைத் தொட வேண்டும். அதனால் தேதியில் தொடங்குவோம்.

விளக்கத்துக்காக நானே ஒரு வரி எழுதிக்கொள்கிறேன். "பார்த்திப வருஷம் தை மாதம் 10-ந் தேதி வியாழக்கிழமை, பசலி 1295, 12 அடிக் கோலால் நன்செய் 2 மா 50 குழி, கிரயம் ரூபாய் 350-8-0." தஞ்சாவூர் ஜில்லாப் பத்திரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எழுத்து

பத்திரத்தை லேமினேட் செய்யாதீர்கள். மடிப்பு கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டாதீர்கள். பசை மஞ்சளித்து எழுத்தையும் சேர்த்துத் தின்றுவிடும். ஜன்னலோரம் சாய்வாக விழும் வெளிச்சத்தில் படம் எடுத்து, பெரிதாக்கிப் படியுங்கள். படிக்கும்போதே ஒரு தாளில் உள்ளபடி எழுதிக்கொள்ளுங்கள். புரியாத எழுத்துக்கு இடம் விடுங்கள். ஊகித்து நிரப்ப வேண்டாம்.

எண்கள் தமிழ் எண்களாக இருந்தால் ௧ முதல் ௯ வரை தெரிந்தால் மட்டும் போதாது. பத்து ௰, நூறு ௱, ஆயிரம் ௲. இவற்றுக்கு முன்னால் வரும் எண் பெருக்கும், பின்னால் வரும் எண் கூடும். ௨௰ என்றால் 20. ௰௨ என்றால் 12. ௲௮௱௮௰௬ என்றால் 1886. இதையே ௧௮௮௬ என்று இன்றைய முறையில் எழுதியவர்களும் உண்டு. இரண்டும் ஒரே கட்டில்கூட வரும்.

அடுத்து குறியீடுகள். வருஷத்துக்கு ௵, மாதத்துக்கு ௴, தேதிக்கு ௳, மேற்படிக்கு ௸, ரூபாய்க்கு ௹. கையெழுத்தில் வருஷக்குறி "ளு" போலவும் மாதக்குறி "மீ" போலவும் தெரியும். "பார்த்திப ளு தை மீ" என்று கண்ணில் பட்டால் திகைக்க வேண்டாம், பார்த்திப வருஷம் தை மாதம்தான்.

வருஷப் பெயரிலிருந்து ஆங்கில வருஷம்

அறுபது வருஷப் பெயர்களின் பட்டியல் எந்தப் பஞ்சாங்கத்திலும் இருக்கும். பிரபவ முதல், அட்சய கடைசி. நமக்கு வேண்டிய மூன்று எண்கள் 1867, 1927, 1987. இந்த வருஷங்களின் சித்திரையில் பிரபவ பிறந்தது. பட்டியலில் உங்கள் வருஷம் எத்தனையாவது என்று பார்த்து, அதில் ஒன்றைக் கழித்து, இந்த எண்களோடு கூட்டுங்கள். பார்த்திப 19-ஆவது. 18-ஐக் கூட்டினால் 1885, 1945, 2005.

கணக்கு சரியாக வருகிறதா என்று பார்க்கத் தெரிந்த வருஷங்களைப் போட்டுப் பாருங்கள். தாது வருஷப் பஞ்சம் என்று பாட்டிமார் சொன்னது 1876-ல் தொடங்கிய கொடும் பஞ்சம். தாது பத்தாவது, 1867-உடன் ஒன்பதைக் கூட்டினால் 1876. நாடு விடுதலை பெற்றது சர்வசித்து வருஷம். அது 21-ஆவது, 1927-உடன் 20 சேர்த்தால் 1947.

ஒத்த ஓசையுள்ள பெயர்கள்தான் இங்கே ஆபத்து. பிரமாதி 13, பிரமாதீச 47. விரோதி 23, விரோதகிருது 45. விளம்பி 32, அதற்கு முந்தியது ஹேவிளம்பி. பிலவ 35, பிலவங்க 41. குரோதி 38, குரோதன 59. பிரபவ, விபவ, பவ, பராபவ நான்கும் தனித்தனி வருஷங்கள். மசி மங்கிய பத்திரத்தில் ஒரு எழுத்து போனால் இருபது முப்பது வருஷம் தள்ளிப்போகும்.

இன்னொரு எச்சரிக்கை: வட இந்திய இணையதளத்தின் அட்டவணையைப் பயன்படுத்தாதீர்கள். இந்த அறுபது, வியாழன் கோளின் ஓட்டத்திலிருந்து வந்தது. வியாழன் சூரியனை ஒருமுறை சுற்ற ஏறக்குறைய 12 வருஷம், ஐந்து சுற்றுக்கு 60. ஏறக்குறைய என்பதால் சிறு வித்தியாசம் சேர்ந்துகொண்டே போகும். வடக்கே அதைச் சரிக்கட்ட ஏறத்தாழ 85 வருஷத்துக்கு ஒருமுறை ஒரு பெயரைத் தாண்டிப் போவார்கள். தெற்கே நாம் அப்படித் தாண்டுவதில்லை, பெயர்கள் வரிசையாக வரும். ஆகவே ஒரே வருஷத்துக்கு அங்கே ஒரு பெயர், இங்கே ஒரு பெயர்.

மாதத்தை மறக்காதீர்கள். தமிழ் வருஷம் ஏப்ரல் நடுவில் தொடங்குகிறது. தை, மாசி, பங்குனி என்றால் அடுத்த ஆங்கில வருஷத்துக்குப் போய்விட வேண்டும். மார்கழி இரண்டு வருஷத்திலும் கால் வைக்கும். நம் பத்திரம் தை மாதம் என்பதால் 1886 அல்லது 1946.

எந்த அறுபது என்று முடிவு செய்வது

முத்திரைத்தாளைப் பாருங்கள், தலை இருக்கும். விக்டோரியா இறந்தது 1901 ஜனவரி. அதன் பிறகு 1910 வரை ஏழாம் எட்வர்டு, 1936 வரை ஐந்தாம் ஜார்ஜ், பிறகு ஆறாம் ஜார்ஜ். பழைய தாள் இருப்பில் இருந்து சில காலம் தள்ளி விற்பனையாவது உண்டு. ஆனால் அறுபது வருஷம் தள்ளாது. விக்டோரியா தலை இருந்தால் நம் பத்திரம் 1886.

பசலி, அதாவது நிலவரிக் கணக்கு வருஷத்தின் எண் இருந்தால் இன்னும் திடமான சாட்சி. இஸ்லாமிய ஹிஜ்ரி வருஷம் சந்திரனை ஒட்டியது, 354 நாள். அதைக் கொண்டு வரி வசூலித்தால் ஒவ்வொரு வருஷமும் 11 நாள் முன்னே வரும். சில வருஷங்களில் நெல் பச்சையாக நிற்கும்போதே தண்டல்காரர் வாசலில் நிற்பார். அதனால் அக்பர் காலத்தில் வரிக் கணக்குக்கென்று சூரிய வருஷமாக ஒன்றை ஏற்படுத்தினார்கள். தக்காணத்துக்கு அது ஷாஜகான் காலத்தில் வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களும் அதை விடவில்லை. சென்னை மாகாணத்தில் 1855-லிருந்து பசலி ஜூலை 1-ல் பிறக்கிறது. இன்றைக்கும் அடங்கல் என்ற கிராமப் பயிர்க் கணக்கு பசலிவாரியாகத்தான் எழுதப்படுகிறது, ஜமாபந்தி என்ற கிராமக் கணக்குத் தணிக்கை பசலி முடியும் தறுவாயில்தான் நடக்கிறது. உழுதவன் கஷ்டத்தைப் பார்த்து வகுத்த வருஷம் என்பதால் எனக்கு இதன்மேல் தனி மதிப்பு உண்டு.

கணக்கு எளிது. ஜூலை முதல் டிசம்பர் வரை பசலியோடு 590, ஜனவரி முதல் ஜூன் வரை 591 கூட்டுங்கள். 1295-உடன் 591 சேர்த்தால் 1886. வருஷப் பெயரும் பசலியும் ஒத்துப்போகின்றன.

கன்னியாகுமரி, செங்கோட்டை, திருநெல்வேலிப் பத்திரமானால் கொல்லம் ஆண்டு இருக்கும். ஆவணியில் பிறப்பது. ஆவணி முதல் டிசம்பர் வரை 824, ஜனவரி முதல் ஆடி வரை 825 கூட்ட வேண்டும். 1924 ஜூலையில் வந்த பெருவெள்ளத்தை மலையாளக் கரையில் "தொண்ணூற்றொன்பது வெள்ளம்" என்பார்கள். அது கொல்லம் 1099-இன் கடைசி மாதம். 1099-உடன் 825 சேர்த்துப் பாருங்கள்.

சாலிவாகன சகம் என்று எழுதியிருந்தால் 78 (தை முதல் பங்குனி வரை 79) கூட்டலாம். ஆனால் சக வருஷத்தையும் கலி வருஷத்தையும் சிலர் முடிந்த வருஷமாகவும் சிலர் நடக்கும் வருஷமாகவும் எண்ணுவார்கள், ஒன்று முன்பின் ஆகும். இவற்றைத் துணைச்சாட்சியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கிழமை பொய் சொல்லாது

தேதியை நாள் சுத்தமாகக் கண்டுபிடிக்க மாதப் பிறப்பு தெரிய வேண்டும். இங்கே ஒரு நுட்பம். இப்போது சித்திரை 1 ஏப்ரல் 14-ல் வருகிறது, அதனால் எப்போதும் அப்படித்தான் என்று நினைத்துவிடுகிறோம். 1870-களில் அது ஏப்ரல் 11, 12 வாக்கில் வந்தது. நம் வருஷம் நட்சத்திரங்களை வைத்து அளப்பது, ஆங்கில வருஷம் பருவங்களை வைத்து அளப்பது. நம்முடையது சற்று நீளம். ஏறத்தாழ அறுபது வருஷத்துக்கு ஒரு நாள் வீதம் நம் மாதப் பிறப்பு ஆங்கிலத் தேதியில் தள்ளிக்கொண்டே போகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பத்திரத்துக்கு இன்றைய காலண்டரை வைத்துத் தேதி சொன்னால் இரண்டு நாள் பிசகும்.

1886-ல் தை 1 வந்தது ஜனவரி 12. ஆக தை 10, ஜனவரி 21. அன்று வியாழக்கிழமை. பத்திரத்திலும் வியாழன். 1946-ஐப் போட்டால் தை 1 ஜனவரி 14, தை 10 ஜனவரி 23, புதன்கிழமை. முத்திரைத்தாளும் பசலியும் இல்லாமல் போயிருந்தாலும் கிழமை ஒன்றே 1946-ஐத் தள்ளிவிடும். கிழமை இடிக்கிறது என்றால் எண்ணைத் தப்பாகப் படித்திருக்கிறீர்கள், அல்லது வருஷப் பெயரைத் தப்பாகப் படித்திருக்கிறீர்கள். பத்திரம் எழுதியவரைச் சந்தேகிப்பது கடைசியில். தேதி எண்ணில் அவர்கள் கை பிசகலாம், இன்றைக்கு என்ன கிழமை என்பது ஊருக்கே தெரியும்.

பதினெட்டாம் நூற்றாண்டுக் காகிதம் வைத்திருப்பவர்கள் வெகு சிலர். அவர்களுக்கு ஒரு குறிப்பு. 1752 செப்டம்பர் வரை ஆங்கிலேயர்கள் பழைய ஜூலியன் காலண்டரில் இருந்தார்கள், பிரெஞ்சுக்காரர்கள் 1582-லேயே மாறிவிட்டார்கள். சென்னைக் கோட்டை 1746-ல் பிரெஞ்சுக்காரர்களிடம் விழுந்தது ஆங்கிலேயர் கணக்கில் செப்டம்பர் 10, பிரெஞ்சுக்காரர் கணக்கில் செப்டம்பர் 21. எந்த நாட்டுக்காரன் எழுதிய காகிதம் என்று பார்க்காமல் தேதியை எடுக்காதீர்கள்.

நிலம்: குழிக்கு முன் கோலைத் தேடுங்கள்

இனிதான் என் தொழில். குழி என்பது ஒரு கோல் நீளம், ஒரு கோல் அகலம் உள்ள சதுரம். ஆகவே குழிக்கு நிலையான அளவு கிடையாது, கோலுக்குத்தான் அளவு. 12 அடிக் கோலானால் குழி 144 சதுர அடி. 16 அடிக் கோலானால் 256. 24 அடிக் கோலானால் 576. கோலின் நீளத்தை அதனாலேயே பெருக்கினால் குழி. இதை மட்டும் மனத்தில் இருத்திக்கொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது.

இதைப் பழங்காலத்தவர்கள் நன்றாக உணர்ந்திருந்தார்கள். சோழர் காலக் கல்வெட்டுகளில் நிலம் சொல்லும் இடத்தில் பதினாறு சாண் கோல், பன்னிரண்டடிக் கோல் என்று கோலையும் சேர்த்தே சொல்வார்கள். சில கோயில்களில் கோலின் நீளத்தையே சுவரிலும் அடித்தளக் கல்லிலும் இரண்டு கோடு போட்டுப் பொறித்து வைத்திருக்கிறார்கள். கோல் தேய்ந்தாலும், யாராவது குறைத்தாலும், கல்லில் வைத்துச் சரிபார்க்கலாம். பெரிய கோயில் கல்வெட்டுகளில் நெல்லைச் சொல்லும்போது "ஆடவல்லான்" என்று பெயரிட்ட மரக்காலால் அளந்தது என்று எழுதியிருக்கும். மரக்காலுக்குக்கூடப் பெயர் சொல்லித்தான் எண்ணைச் சொல்வார்கள். நம் பத்திரங்களிலும் "12 அடிக் கோலால்" என்ற சொல் எங்கோ ஒரு மூலையில் இருக்கும். அதைத் தேடுங்கள்.

கோல் எழுதப்படாவிட்டால் சீமை வழக்கத்தை எடுத்துக்கொள்ளலாம். தஞ்சாவூர்ப் பக்கம் குழி 144 சதுர அடி, 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. மா 14,400 சதுர அடி, அதாவது 33 சென்ட். வேலி 6.61 ஏக்கர். செங்கல்பட்டுப் பக்கம் குழி 576 சதுர அடி, 100 குழி ஒரு காணி, அது 57,600 சதுர அடி, 1.32 ஏக்கர். இந்தக் காணியை 24 பங்கு போட்டால் 2,400 சதுர அடி. சென்னையில் இன்றும் மனை விற்பவர்கள் சொல்லும் கிரவுண்டு இதுதான். அறுபதுக்கு நாற்பது மனையில் வீடு கட்டுகிறவர்கள் பலருக்குத் தங்கள் மனை ஒரு காணியின் இருபத்துநாலில் ஒரு பங்கு என்பது தெரியாது.

நம் பத்திரத்தில் 2 மா 50 குழி, அதாவது 250 குழி. 12 அடிக் கோல் என்பதால் 144-ஆல் பெருக்கினால் 36,000 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. வகுத்தால் 82.6 சென்ட். கோலைப் பார்க்காமல் செங்கல்பட்டுக் குழியைப் போட்டிருந்தால் 1,44,000 சதுர அடி, 3.3 ஏக்கர். நாலு மடங்கு! பங்காளிகளுக்குள் "எங்கள் நிலம் இரண்டரை ஏக்கர் காணோம்" என்று சண்டை வருவதற்கு இது ஒன்றே போதும்.

திருநெல்வேலி, நாஞ்சில் நாட்டுப் பத்திரத்தில் "கோட்டை விதைப்பாடு" என்று இருந்தால் அது விதையை வைத்துச் சொன்ன பரப்பு. ஒரு கோட்டை நெல் விதைக்கத் தேவைப்படும் நிலம். நாஞ்சில் நாட்டில் கோட்டைக்கு 21 மரக்கால். மண்ணுக்கு மண் விதை மாறும், ஆகவே இதைச் சதுர அடியாக்க எந்த வாய்பாட்டையும் நம்பாதீர்கள். எல்லைகளை வைத்துச் சர்வே எண்ணைக் கண்டுபிடித்து, அதன் பரப்பை எடுங்கள்.

இந்தச் சரிபார்ப்பு எல்லாப் பத்திரத்துக்கும் அவசியம். பத்திரத்தின் நான்கெல்லையை வைத்து இன்றைய சர்வே எண் எது என்று கிராமக் கணக்கில் பிடியுங்கள். பட்டாவில் ஹெக்டேர், ஏர் என்று இருக்கும். ஒரு ஏர் 2.47 சென்ட். நம் 82.6 சென்ட் 33.4 ஏர் ஆக வர வேண்டும். வாய்க்கால், பாட்டைக்கு விட்டது போகக் கொஞ்சம் குறையலாம். பாதியாகக் குறைந்தால் பாகம் பிரிந்திருக்கிறது என்று தேடுங்கள்.

பழைய புலப்படம் (சர்வே எண்ணின் அளவு வரைபடம்) கிடைத்தால் அதில் நீளம் லிங்க்ஸில் இருக்கும். எட்மண்ட் குண்டர் என்ற ஆங்கிலேயர் 1620 வாக்கில் 66 அடிச் சங்கிலி ஒன்றை வகுத்தார். அதில் 100 கண்ணி (அதுதான் லிங்க்), ஒரு கண்ணி 7.92 அங்குலம். 66 அடி என்பது விசித்திரமாகத் தெரியும். ஆனால் பத்துச் சதுரச் சங்கிலி சரியாக ஒரு ஏக்கர். ஏக்கர் என்பது அவர்கள் ஊரில் ஒரு ஜோடி மாடு ஒரு நாளில் உழும் நிலமாக இருந்து வந்த அளவு, பத்தின் கணக்குக்கு எளிதில் அடங்காதது. குண்டரின் சங்கிலி அதைப் பத்தின் கணக்குக்குள் கொண்டுவந்துவிட்டது. ஆகவே லிங்க்ஸில் நீளத்தையும் அகலத்தையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் நேரே சென்ட் வந்துவிடும். வெயிலில் நின்று வரப்பில் கணக்குப் போட்டவர்களுக்குத்தான் அந்த மனிதரின் அருமை தெரியும்.

நெல்லும் எடையும் பணமும்

குத்தகை நெல் கலத்தில் இருக்கும். 12 மரக்கால் ஒரு கலம் என்பது பொது. மரக்காலுக்கு எத்தனை படி, அந்தப் படி சின்னப்படியா பட்டணம் படியா என்பதெல்லாம் ஜில்லாவுக்கு ஜில்லா மாறும். பத்திரத்தில் சொல்லவில்லை என்றால் கலமாகவே விட்டுவிடுங்கள். கிலோவாக்கி எழுதினால் இல்லாத துல்லியம் வந்துவிடும்.

எடை பரவாயில்லை. 3 தோலா ஒரு பலம், 8 பலம் ஒரு சேர், 5 சேர் ஒரு வீசை, 8 வீசை ஒரு மணங்கு. தோலா என்பது கம்பெனி வெள்ளி ரூபாயின் எடை, 11.66 கிராம். அதிலிருந்து ஏறினால் பலம் 35 கிராம், வீசை 1.4 கிலோ, மணங்கு 11.2 கிலோ. நகைப் பட்டியலில் வரும் சவரன், இங்கிலாந்துத் தங்க நாணயத்தின் எடை, 7.99 கிராம். கடைக்காரர்கள் 8 கிராம் என்று முழுசாக்கிவிட்டார்கள். மெட்ரிக் எடை 1956 சட்டத்தின்படி 1958 அக்டோபரிலிருந்து படிப்படியாக வந்தது. அதற்குப் பிந்திய சில வருஷத்துக் காகிதங்களில் இரண்டும் கலந்தே இருக்கும்.

ரூபாய் 350-8-0 என்பதில் நடுவில் இருப்பது அணா, கடைசியில் பைசா. 16 அணா ஒரு ரூபாய், 12 பழைய பைசா ஒரு அணா. ஆக 350 ரூபாய் 50 காசு. 1957 ஏப்ரல் 1-ல் நூறு காசு வந்தபிறகு எழுதியவற்றில் இந்த மூன்று கட்டம் இருக்காது. வராகன், பணம் என்று இருந்தால் அது பெரும்பாலும் 1818-க்கு முந்திய கணக்கு. அந்த வருஷம்தான் சென்னை மாகாணம் ரூபாய்க்கு மாறியது. ஒரு வராகனுக்கு மூன்றரை ரூபாய் வைத்துக்கொள்ளலாம்.

எல்லாம் முடிந்ததும் ஒரு தாளில் இடது பக்கம் பத்திரத்தில் உள்ளபடி, வலது பக்கம் நீங்கள் மாற்றியபடி எழுதுங்கள். எந்தக் கோல், எந்தப் படி என்று எடுத்துக்கொண்டீர்களோ அதையும் பக்கத்தில் எழுதுங்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் நகலுக்கோ வில்லங்கத்துக்கோ மனு கொடுக்கும்போது ஆங்கிலத் தேதி, பத்திர எண், கிராமம் மூன்றும் வேண்டும். தமிழ்த் தேதியையும் பசலியையும் அடைப்பில் சேர்த்துக் கொடுங்கள். பழைய பதிவேட்டைப் புரட்டுபவருக்கு அதைக் கொண்டு பக்கத்தைப் பிடிப்பது சுலபம்.